பாப்பாவுக்காகப் பேசி வைத்த குரல்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. புதுவாயல் கூட்டு ரோட்டில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. யாரிடமும் படித்த தொழில் இல்லை, பிரித்துப் பார்த்துக் கற்றது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்தக் கணக்கில் நான் கால் வைத்தியன்.

அன்று மதிய ஷிஃப்டுக்குப் போகிற வழியில் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை.

"எங்க மாமியா மாதிரி ஆயிடுச்சிண்ணே இது. இன்னா கேட்டாலும் எடம் இல்லைன்னுது" என்று சிரித்தார். ஃபைலெல்லாம் சேமிக்கிற எஸ்.எஸ்.டி., பழையதைவிட அதிக இடம் உள்ளதாக ஒன்றைத் தானே வாங்கி வந்திருந்தார். பழையதில் இருக்கும் விண்டோஸ், ஃபைல் எல்லாவற்றையும் அப்படியே புதியதற்கு மாற்ற வேண்டும்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணுண்ணே. எங்க ஊட்டம்மா பேசனது இதுல கீது. அது மட்டும் ஜாக்கிரதை."

மனைவிக்குத் தொண்டையில் கேன்சர். ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வாரம், மூன்று வயதுப் பெண்ணுக்காக அந்த அம்மா போனில் பேசிப் பேசிப் பதிவு செய்திருக்கிறார். கதை, பாட்டு, 'வாயைத் தொற, ஒரே ஒரு வாய்' என்கிற அதட்டல், எல்லாம். குழந்தை அதைக் கேட்டுத்தான் தூங்குமாம். அந்த போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. மிச்சம் இருப்பது இந்த லேப்டாப்பில் மட்டும்.

"ஜெராக்ஸ் எடுக்கற மாதிரிதான் தம்பி. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. இப்போது வரும் எஸ்.எஸ்.டி. எல்லாம் சூயிங்கம் பட்டை அளவுதான், பழசும் புதுசும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் பழையதைக் கழற்றியதும் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் தட்டிலிருந்து குங்குமம் எடுத்து அதன் மேல் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு இருந்தால் உள்ளே ஒருத்தருடைய பொருள் இருக்கிறது, தொடக்கூடாது. பொட்டு இல்லாததுதான் புதியது. அதை ஒருமுறை முழுக்க அழித்து சுத்தம் செய்துவிட்டுத்தான் ஏற்றுவேன்.

அன்று பழையதைக் கழற்றி, புதியதையும் உறையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பொட்டு வைப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரைப் பார்க்க உள்ளே போனேன். "கம்பெனி பஸ் வந்துடிச்சிண்ணே, நாளைக்கி காலைல வரேன்" என்று அவர் குரல் மட்டும் கேட்டது. திரும்பி வந்தால் இரண்டில் ஒன்றின் மேல் குங்குமப் பொட்டு. கரண்ட் போன அவசரத்தில் நான்தான் வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பொட்டு இல்லாததை மாட்டி அழித்தேன். எத்தனை ஜி.பி. என்ற அளவு திரையிலேயே எழுதியிருந்தது. என் கண் பொட்டைத்தான் பார்த்தது, எண்ணைப் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்து பொட்டு வைத்ததை மாட்டினேன். ஒன்றுமே இல்லை, வெறுமை. அப்போதுதான் அளவைப் பார்த்தேன். நான் அழித்தது பழையதை.

தெரிந்த சாஃப்ட்வேர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். சென்னையில் இந்த வேலை மட்டுமே செய்யும் ஒருவருக்குப் போன் செய்தேன். "ஹார்டு டிஸ்க்னா எதுனா தேறும். எஸ்.எஸ்.டி.ல தொடச்சது தொடச்சதுதான்" என்று முடித்துவிட்டார்.

பக்கத்து செல்போன் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். "பீஸு டெட்டுன்னு சொல்லிடு நைனா. யாருக்கு இன்னா தெரியப்போவுது? ஆனைக்கும் அடி சறுக்கும்." ஆறுதலுக்குத்தான் சொன்னார். யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் நிஜம்.

மறுநாள் காலை கணவன் மனைவி இருவருமே வந்தார்கள். அந்த அம்மா கழுத்தில், மூச்சு விடுகிற துளையை மூடி ஒரு மெல்லிய துணி. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வாயைத் திறக்குமுன் கணவர் உற்சாகமாக ஆரம்பித்தார்.

"இன்னாண்ணே, முடிஞ்சிதா? புது சாமானாச்சேன்னு போவசொல்ல உங்க சாமி தட்டுலேர்ந்து பொட்டு வெச்சிட்டுதான் போனேன்!"

வண்டி வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும் பொட்டு வைக்கிற ஜனங்கள் நாம். அவரும் வைத்திருக்கிறார். 'நீ வெச்ச பொட்டுதான்யா' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் என் பாரத்தில் பாதி அவர் தலைக்குப் போயிருக்கும். பக்கத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். விழுங்கிவிட்டேன்.

"தம்பி, எது பழசுன்னு சரியா பாக்காம நான் அழிச்சிட்டேன். தப்பு என்னுது. திரும்ப வராது."

"வெளாடாதண்ணே" என்றார். என் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி என் சட்டை அவர் கையில் இருந்தது. "மொதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கணும்னு தெரியாது? இன்னாத்துக்குய்யா கடை தொறந்து வெச்சினுகீற?"

நியாயமான கேள்வி. ஒரு பென் டிரைவ், பத்து நிமிஷம், அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்து விலக்கினார். அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. போனை எடுத்து ஏதோ எழுதிக் கணவரிடம் காட்டினார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"பாப்பா கேட்டா இன்னா சொல்றது?"

அதைப் படித்துவிட்டு அவர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனவர்கள் பிறகு வரவில்லை. தீர விசாரிப்பதே மெய் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். மனப்பாடமாக மட்டும்தான் இருந்திருக்கிறது. பொட்டு விஷயம் அவருக்குத் தானாகப் புரிந்துவிடக்கூடாதே என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன். அந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடைக்கு வரும் ஏதோ ஒரு பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டு, அதன் அம்மா "இன்னாடி" என்று பதில் கொடுக்கும்போதெல்லாம், ஒரு வீட்டில் மிச்சமிருந்த அம்மா குரலையும் இல்லாமல் செய்தவன் நான் என்று தோன்றி, என் கை வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது.