மரத்துக்குப் போன கால்

இலங்கையில் கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கும்மிக்குப் பாட்டெடுக்க ஜீவராணியை விட்டால் ஆளில்லை. குரல் அப்படி. மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டன்று காலையில், அவள்தான் முதல் அடி வைப்பாள், பாடிக்கொண்டே சுற்றுவாள். பாட்டை நடுவில் விட்டவள் பாட்டெடுக்கும் இடத்தையும் விட்டுவிட வேண்டும். அங்கே அதுதான் முறை.

சில வருடங்களுக்கு முன் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. கொழுந்து எடுக்கிறவளுக்கு இடுப்பு வலி புதிதா? தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போனாள். பாதத்தில் உணர்வு குறைந்த பிறகுதான் தோட்டத்து மருந்தகத்துக்குப் போய், "மாத்தையா, ரெண்டு காலும் மரத்துப் போச்சுங்க" என்றாள்.

மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, அங்கத்துப் பேச்சில் மாத்தையா, சிங்களவர். நல்ல மனுசன், பாதித் தமிழ் தெரிந்தவர். அந்தப் பாதிதான் கெடுத்தது. 'மரம்' அவருக்குத் தெரியும், 'போச்சு' தெரியும். கால் மரத்தில் போய் மோதியிருக்கிறது என்று முடிவுகட்டி, பூசுவதற்குக் களிம்பு கொடுத்தார். ஜீவராணிக்கும் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குச் சிங்களம் வரும்; நோவைச் சொல்ல வரவில்லை. மாதக்கணக்கில் களிம்பைப் பூசினாள்.

ஒருநாள் சிறுநீர் போவதே தெரியாமல் சேலை நனைந்துவிட்டது. புருசன் கஜேந்திரன் பதறிப்போய் த்ரீவீலரில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை நெரித்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வலி போனது, பாதத்துக்கு உணர்வு வரவில்லை. "முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இனி இப்படித்தாம்மா" என்றார் டாக்டர். அன்று அவள் அழுத அழுகைக்கு வார்டே கலங்கிப்போனது.

அழுது முடித்தவள் ஊருக்கு வந்தாள். கண்ணால் பார்த்தால்தான் கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேருவாள். மற்றதை எடுத்து வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். கொழுந்து வேலையை விட்டாள். கும்மியை மட்டும் விடமாட்டேன் என்றாள். கும்மியில் எல்லோரும் குனிந்துதானே அடிக்கிறார்கள்? குனிந்தால் கால் தெரியுமே! தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் கஜேந்திரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்று கும்மியடிக்க, அவள் பழகினாள். அந்த அழகைப் பார்க்க லயமே கூடியது.

இந்த வருட மஞ்சள் நீராட்டுக்கு, பக்கத்து வீட்டுத் தங்கம்மா பிளாஸ்டிக் கதிரையோடு வந்து நின்றாள்.

"உக்காந்தே பாடு புள்ள. அடுத்த வருசத்துல இருந்து வேற யாராச்சும் பாட்டெடுக்கட்டும்."

"கதிர உங்களுக்கு இருக்கட்டும்க்கா. என்னையவிட நீங்கதான் நடுங்கிப்போயி நிக்கிறீங்க."

சொல்லிவிட்டு ஜீவராணி பாட்டை எடுத்தாள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, ஒரு பிசகும் இல்லை. அந்த நேரம் பார்த்து எந்தப் புண்ணியவானோ ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை நேரே அவள் முகத்தில் வீசினான். கண் மூடியது. கண் மூடியதும் கால் காணாமல் போனது. தொப்பென்று சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ!" என்றாள் தங்கம்மா. பாட்டு நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டி அடுத்த வரியை இன்னும் சத்தமாகப் பாடினாள் ஜீவராணி. திகைத்து நின்ற பெண்கள் அவளைச் சுற்றிக் கும்மியடித்தார்கள். பெண்கள் வட்டத்துக்குள் ஆம்பளை நுழையக் கூடாது. கஜேந்திரன் நுழைந்தான், பெண்டாட்டியைத் தூக்கி நிறுத்தினான், வெட்கமில்லாமல் தானும் ஒரு சுற்று அடித்தான். பாட்டு முழுசாக முடிந்தது. அவள் இடம் அவளுக்கே.

கூட்டத்தில் இருந்து டிஸ்பென்சர் மாத்தையா ஓடிவந்தார். அந்த ஒரு சொல்லை இப்போது அவர் நன்றாகவே கற்றிருந்தார்.

"அடிபட்டுச்சா ஜீவராணி? கால் இன்னும் மரத்துப் போயிருக்கா?"

அவள் முகத்து மஞ்சளைத் துடைத்துக்கொண்டாள்.

"மரத்துக்குப் போன காலு இன்னும் திரும்பி வரலீங்க மாத்தையா. வந்தா ஆள் அனுப்புறேன்."

கூட்டமே வெடித்துச் சிரித்தது. அவருக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. அந்தக் கதிரையைத் தூக்கிக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அவர் திரும்பி வருவதற்குள் ஜீவராணி குனிந்து, காலைப் பார்த்து, அடுத்த பாட்டை எடுத்துவிட்டாள்.