கன்னியம்மாளின் கட்டைவிரல்

மண்ணூர்பேட்டைக் கன்னியம்மாள் வென்றவை என்று பார்த்தால்: இருபது வயதில் தாலி அறுத்த பிறகும் யார் வாசலிலும் போய் நிற்காத வாழ்வு, கழனிக் குடும்பத்தில் பிறந்தும் ராயபுரம் கடற்கரையில் பரம்பரை மீன்காரிகளுக்கு நடுவே ஓர் இடம், மீன் இலாகாவில் அதிகாரிக்கு எதிரே ஒரு நாற்காலி. நாலாவதாக ஒன்று உண்டு. அக்கா பொன்னம்மாளுக்கு அதுதான் பெரிது.

விடியலில் ராயபுரத்தில் மீன் எடுத்து, வில்லிவாக்கத்தில் ரயிலிறங்கி, பாடியில் கூடையை இறக்குவாள் கன்னியம்மாள். மீன் வாடைக்குப் பயந்து ரயிலில் அவளைச் சுற்றி எப்போதும் இடம் காலியாக இருக்கும். "மகாராணிக்குக்கூட இவ்ளோ எடம் உடமாட்டாங்கோ" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பொன்னம்மாளின் காதில் இன்னும் இருக்கிறது.

வஞ்சிரத்தைச் சாம்பல் தொட்டுப் பிடித்து அறுத்து விற்பாள் தங்கை. நெத்திலியைக் கருவாடாக்கி விற்பாள் அக்கா.

அம்பத்தூரில் குடியிருந்த மீன் இலாகா ராஜசேகரன் ஒருநாள் மீனோடு குடலையும் கேட்டார்.

"பூனைக்கா சாமி?"

"எனக்குத்தாம்மா. வஞ்சிரம் எதைத் தின்னு வளருதுன்னு பார்க்கணும்."

அன்றுமுதல் ஒவ்வொரு வயிற்றையும் தானும் கீறிப் பார்த்தே எடுத்து வைத்தாள். முதலில் வயிறு கொள்ளாத நெத்திலி. குஞ்சும் தப்ப முடியாத சின்னக் கண்களுள்ள பொடிக்கண்ணி வலைகள் வந்து நெத்திலிக் குஞ்சுகளை வாரிய பிறகு, வயிறுகள் காலி. அப்புறம் வஞ்சிரமே அருகிப்போயிற்று.

குஞ்சுப் பருவத்தில் அந்த வலையை நிறுத்த வேண்டும் என்று ராஜசேகரன் மேலிடத்துக்கு எழுதினார். கண்டதைக் கன்னியம்மாள் வாக்குமூலமாகத் தரவேண்டும்.

"நெத்திலி நின்னா நம்ம ஊட்ல உலை எப்டி கொதிக்கும்? உன் வஞ்சிரமா வந்து அடுப்பு ஊதும்?" என்றாள் பொன்னம்மாள்.

"கண்ணால பாத்துட்டு இல்லேன்னு சொல்லச் சொல்றியாக்கா? குஞ்சையே வாரிகினு இருந்தா நாளிக்கி உனுக்கும் நெத்திலி ஏது?"

இலாகாவுக்குப் போய், அதிகாரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். கைநாட்டு வைக்கும்போதுதான் சிக்கல். சாம்பலும் உப்பும் செதிலும் தேய்த்த கட்டைவிரலில் ரேகையே இல்லை. காகிதத்தில் வெறும் மைக்கறை விழுந்தது. ரேகையோ கையெழுத்தோ இல்லாமல் செல்லாது என்று குமாஸ்தா ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

வீடு வந்தவள் விரலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பொன்னம்மாள் இரண்டாம் வகுப்புவரை படித்தவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கருவாடு பிழைத்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எழுந்துபோய் மீனறுக்கும் பலகையில் சாம்பலைப் பரப்பி 'க' போட்டாள்.

"இன்னா பாத்துகினு கீற? கையக் குடு. சொறா முள்ளையே எடுக்கிறவ, ஒரு சுழிக்குப் பயப்படுறா."

வலை அந்தப் பருவத்தில் நின்றது. அக்காவும் தங்கையும் கேழ்வரகுக் கூழில் நாளை ஓட்டினார்கள். மறுவருஷம் நெத்திலி விரல் பருமனில் வந்தது, பின்னாலேயே வஞ்சிரமும்.

அந்த வாக்குமூலத்தின் அடியில், கடைசி 'ள்' சற்றே கீழிறங்க, கன்னியம்மாள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் 1938 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை.