வேப்பிலை கட்டிய வாசலுக்கு யாரும் வரவில்லை

கே.ஜி.கண்டிகையில் ரஞ்சிதத்தைச் சண்டைக்காரி என்பார்கள். நான் அவளுக்குப் பக்கத்து வீடு. சண்டைக்காரிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். தெருவுக்கு ஒருத்தி இப்படி இருந்திருந்தால் நம் பள்ளிக்கூடங்கள் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று கிடைத்த வேலைக்குப் போகிறவள். புருஷன் கங்காதரன் திருத்தணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். மகள் மோனிகா அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பத்தாவது. அவளுக்குக் கணக்கு மட்டும் வராது. எப்படி வரும்? கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போனபின் அந்த இடத்துக்கு வருஷம் முழுக்க ஆள் போடவே இல்லை.

தீபாவளி கழிந்து மோனிகாவுக்கு அம்மை போட்டது. அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் தம்பிக்கும் போட்டுவிட்டது. ரஞ்சிதம் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்தாள். ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கும்போது அதை நோய் என்று வெளியாட்களிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அதனால் பள்ளியிலிருந்து போன் வந்தபோது, "பொண்ணு இப்ப வராது சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ஏன் என்று அவர்களும் கேட்கவில்லை. ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும், வேப்பிலையைக் கண்டதும் விளங்கியிருக்கும்.

பிள்ளைகள் தேறியதும் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போனாள். அங்கே மோனிகாவின் பெயரை நீக்கியிருந்தார்கள். தலைமையாசிரியர் கோதண்டபாணி நயமாகத்தான் பேசினார். படிப்பில் நாட்டமில்லாத பிள்ளையை ஏன் வதைக்கிறீர்கள், டி.சி. வாங்கிக்கொண்டு தையல் பழகச் சொல்லுங்கள் என்றார். போன வருஷம் நூறு சதவீதத் தேர்ச்சிக்கு வாங்கிய கேடயம் அவர் முதுகுக்குப் பின்னால் பளபளத்தது. கணக்கில் தவறப்போகிற பிள்ளை தானாகவே நின்றுவிட்டதாகக் காட்டிவிட்டால் அவருக்கு இந்த வருஷமும் கேடயம் உண்டு. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரஞ்சிதம் டி.சி.யைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து மகளுக்குச் சீருடை மாட்டி, ரெட்டை ஜடை பின்னி அழைத்துப் போய், பள்ளி கேட்டுக்கு உள்ளே இருவருமாக உட்கார்ந்துகொண்டார்கள். கூலி போனது. கங்காதரன் கத்தித் தீர்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் படிப்பை நிறுத்திய பிள்ளைகளைப் பற்றிக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்செல்வி டீச்சர் அவளிடம் வந்து, காரணம் குடும்பச் சூழல் என்று போட்டுக்கொள்ளவா, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார்.

"எம்பொண்ணு தானா நிக்கல டீச்சர்" என்றாள் ரஞ்சிதம். "அம்மை போட்டு படுத்துகினு இருந்துச்சு. யாருமே வந்து பாக்காம பேரை அடிச்சிட்டீங்க. அதை அப்படியே எழுதுங்க, கையெழுத்து போடுறேன்."

டீச்சர் எழுதவில்லை. எழுதினால் அது மேலதிகாரி கைக்குப் போகும். எழுந்து தலைமையாசிரியர் அறைக்குள் போனார். அன்று மத்தியானமே மோனிகா வகுப்பில் உட்கார்ந்தாள்.

தேர்வு முடிவு வந்தது. மோனிகா கணக்கில் மட்டும் தவறியிருந்தாள். பள்ளியின் நூறு சதவீதமும் போயிற்று. ரஞ்சிதம் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்ததுமே கோதண்டபாணி, நான் அன்றைக்கே சொன்னேனே என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவள் தலைகுனிவாள் என்று நினைத்திருப்பார்.

"ஆங், சொன்னீங்க சார். வாத்தியார் இருந்த பாடமெல்லாம் பாஸ் பண்ணிட்டா. இல்லாத பாடத்துல ஃபெயிலாயிட்டா. மறுபடி பரீட்சை வெக்கிறாங்களாமே, கணக்கு யாரு சொல்லிக் குடுக்கப்போறாங்க? அதக் கேக்கத்தான் வந்தேன்."

மாற்றலாகிப் போன கணக்கு வாத்தியாரின் நாற்காலி அந்த அறை மூலையில் சும்மா கிடந்தது. ரஞ்சிதம் அதை அவர் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.