ஐந்தரைக் கட்டை

என் அண்ணன் வயலின் வித்துவான். பகலில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், மாலையில் கச்சேரி, ஞாயிறு மதியம் முதியோர் விடுதியில் இலவச வாசிப்பு. இத்தனைக்கும் நேரம் கிடைத்தவருக்குக் கல்யாணத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. வீட்டில் நாங்கள் வைத்த பெயர் சுருதிப்பெட்டி. அழைப்பு மணி அடித்தால் வந்தது யார் என்று பார்க்கமாட்டார். "மணி சுருதி எறங்கிடுச்சு" என்பார்.

பிள்ளைகளிடம் மட்டும் வேறு ஆள். ஒரு குழந்தை மேலே எட்ட முடியாமல் திணறினால் உடனே சுருதியைத் தணித்து வைப்பார். "தொண்டைக்காகத்தான் சுருதி. சுருதிக்காகத் தொண்டை இல்ல" என்று எனக்கும் பாடம் எடுப்பார், நான் கேட்காமலே.

அவருடைய கச்சேரி வாழ்க்கையில் பாதி ஒரே பாடகிக்கு வாசித்தே போனது. சொந்தமில்லை, ஆனாலும் எங்களுக்கு அவர் அக்கா. ஐந்தரைக் கட்டையில், நல்ல உயர்ந்த சுருதியில் பாடுவார். மேலே போய் நின்றால் அரங்கில் ஒருவர் இருமமாட்டார். என்றைக்காவது குரல் பிசகினால், அண்ணன் வில்லை அழுத்தி இழுத்து மூடிவிடுவார். கூட்டத்துக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும், ஓரக்கண்ணால் சிரிப்பார். பிறகு அவர் மகனோடு வெளியூர் போய்விட்டார். பேச்சுவார்த்தை விட்டுப்போயிற்று.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி நர்ஸ் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"சார், புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க. மகனுக்கு வெளியூர்ல வேலை, இங்க கொண்டுவந்து சேர்த்துட்டுப் போயிருக்காரு. பக்கவாதம். பேச்சு சுத்தமா போயிடுச்சு. ஆனா தல சீவிவிடும்போது பாடறாங்க. வார்த்தையோட சார்! விடாம பாடவச்சா பேச்சும் வரலாம்னு டாக்டர் சொல்றாரு."

உள்ளே போனால், இரும்புக் கட்டிலில் அக்கா. அண்ணனைப் பார்த்ததும் இடது கை கட்டில் கம்பியில் தாளம் போட்டது.

"கொஞ்சம் எறக்கி வாசிங்க சார். அடிக்குரல்லதான் பாடுவாங்க" என்றார் நர்ஸ்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "அக்காவுக்கா? அவங்க ஐந்தரைக் கட்டைம்மா. எறக்கி வாசிச்சா அவமரியாதை." வயலின் முனையில் இருந்த பிரடையை முறுக்கி, தந்தியை ஏற்றிக் கட்டினார்.

அக்கா பாடினார். முதல் வரி கரகரப்பாக, ஆனால் வார்த்தை வார்த்தையாக வந்தது. பாட்டு மேலே ஏறும் இடத்தில் குரல் கிழிந்தது. வேறு யார் வாசித்திருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். அண்ணனுக்குக் கை பழகிய பழக்கம். வில்லை அழுத்தி இழுத்து மூடினார். அழகாகத்தான் மூடினார், பாவி மனுஷன். அக்காவுக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது அப்படியே இருந்தது. எதை மூடுகிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் நன்றாகத் தணித்துக் கட்டிக்கொண்டு போனார். "அக்கா, இதுல பாடுங்க. எனக்காக ஒரே ஒரு வரி." அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"இப்பல்லாம் தல சீவும்போதுகூட பாடறதில்ல சார்" என்றார் நர்ஸ். குறை சொல்லும் குரல்கூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

திரும்பும் வழியில் பேருந்தில் நான் பொரிந்து தள்ளினேன். "ஊருக்குத்தான் உபதேசமா? கண்ட பிள்ளைங்களுக்கெல்லாம் எறக்குவீங்க, அன்னிக்கே அக்காவுக்கு எறக்கியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"என் காதுல அவங்களுக்கு வயசே ஆகலையே. நான் என்ன பண்ணுவேன்?" என்றார். என் அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். திட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது கட்டிலருகே அக்காவின் மகன் உட்கார்ந்திருந்தான். பயணப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அண்ணனைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அம்மா பாடறாங்கன்னு விடுதியிலேர்ந்து போன்ல சொன்னாங்க. லீவ் கெடச்சதும் ஓடி வந்துட்டேன் மாமா. நீங்க வாசிச்சா இன்னும் நல்லா பாடுவாங்கல்ல?"