அண்ணைக்குக் கிடைத்த இரண்டாம் சுற்று

எங்கள் அண்ணை சிறந்த பட்மின்டன் வீரர் என்று இந்த நினைவு மலரில் யாராவது எழுதியிருந்தால் தயவுசெய்து நம்ப வேண்டாம். அவர் நல்ல கணவர், நல்ல தகப்பன், எனக்குத் தாய் தகப்பன் இரண்டுமாக நின்றவர். பட்மின்டன் மட்டும் அவருக்குச் சுத்தமாக வராது. அவரோடு சோடியாக நின்று வருடா வருடம் தோற்றவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அண்ணை சண்டிலிப்பாயில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நாட்டுப் பிரச்சினையில் இளவயதிலேயே புறப்பட்டு, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கினார். அந்த உழைப்பில்தான் என்னை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு, பார்க் எக்ஸ்டென்ஷனில் தன் வீட்டுக்கு மேல்மாடியிலேயே எனக்கும் வீடு பார்த்துத் தந்தார். அம்மாவும் அப்பாவும் காலமானபோது ஊருக்குப் போக அவரால் முடியவில்லை. என் குசினிக் கதிரையில் இருந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். அந்தக் கதிரை இன்றும் என்னிடம் இருக்கிறது.

பெட்டி தூக்கிய முதுகு வலிக்கத் தொடங்கியதும், ஏதாவது விளையாடும்படி டொக்டர் சொன்னார். அண்ணை அன்றே போய் இரண்டு மட்டை வாங்கிவந்தார். இரண்டாவது எதற்கு என்று கேட்டேன்.

"தனிய விளையாடினா பைத்தியம் எண்டெல்லோ சொல்லுவினம். இந்தா, பிடி."

எங்கள் ஆட்கள் ஒவ்வொரு ஈஸ்டர் விடுமுறைக்கும் இங்கே நடத்தும் சுற்றுப்போட்டியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரொறன்ரோ, லண்டன், பரிஸ், ஒஸ்லோ என்று தமிழர் வாழும் இடமெல்லாம் இருந்து சோடிகள் வரும். முதல் சுற்றில் தோற்றால் அவ்வளவுதான். பிறகு ரோல்ஸ் விற்கும் மேசையடியில் நின்று சாப்பிட்டுக்கொண்டு மற்றவர்களின் விளையாட்டைப் பார்க்க வேண்டியதுதான். அந்த ரோல்ஸின் ருசி எங்களுக்கு மிக நன்றாகத் தெரியும்.

எங்கள் சோடிக்கு 'அண்ணையும் தங்கச்சியும்' என்று பெயர் கொடுத்திருந்தார். அண்ணை பந்து போட்டால் பாதி என் பிடரியில் விழும். நான் ஓடி எடுக்கும் பந்தைக் குறுக்கே வந்து தட்டிவிடுவார். தப்பித் தவறி எங்களுக்கு ஒரு புள்ளி கிடைத்துவிட்டால் வலைக்குப் பக்கத்தில் போய், "சொறி தம்பி, பட்டதோ?" என்று எதிராளியிடம் மன்னிப்புக் கேட்டு விசாரிப்பார். அண்ணி பார்வையாளர் பக்கம் தேத்தண்ணிப் போத்தலோடு இருந்து, "இந்த வயசில உங்களுக்கு இது தேவையோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்துவார். அண்ணை அங்கிருந்தே கையைக் காட்டுவார். வருடத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாகக் காண்பது அந்த அரங்கில்தான்.

ஆனால் ஆசை இல்லாதவர் என்று நினைக்க வேண்டாம். "இரண்டாம் சுற்று எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாக்கோணும், தங்கச்சி" என்று ஒவ்வொரு முறையும் காரில் ஏறும்போது சொல்வார். இரண்டாம் சுற்றுக்குப் போகும் சோடிகளின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அதில் எங்கள் பெயரைக் கேட்க அவருக்கு ஆசை.

அந்த ஆசை ஒருமுறை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. ஒஸ்லோவில் இருந்து முதன்முதலாக வந்த ஓர் இளம் தம்பதியர் குலுக்கலில் எங்களுக்கு எதிராக விழுந்திருந்தார்கள். நேரமாகியும் அவர்களைக் காணவில்லை. எங்கள் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சோடி முழுதாக ஆடுகளத்தில் நிற்க, மற்றச் சோடி வராவிட்டால், நின்றவர்களுக்கே வெற்றி. இரண்டு பக்கமும் ஆள் குறைந்தால் ஆட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து யாரோ வந்து, ஒஸ்லோ ஆட்கள் பார்க் மெற்றோ ஸ்டேஷனுக்குப் பதிலாக அக்காடியில் இறங்கி வழி தெரியாமல் நிற்கிறார்கள் என்றார்கள்.

திரும்பிப் பார்த்தால் என் பக்கத்தில் அண்ணை இல்லை. அரைக் காற்சட்டையோடு, பனி கொட்டிக்கொண்டிருந்த தெருவில் மெற்றோவை நோக்கி ஓடிவிட்டார். நான் ஆடுகளத்தில் தனியே, மட்டையைப் பிடித்துக்கொண்டு, மரம் மாதிரி நின்றேன். அண்ணி மேலிருந்து, "ஆளை எங்க?" என்று கத்தினார். எனக்கென்ன தெரியும்!

கடைசியில் அந்தத் தம்பதியரின் பைகளைத் தானே சுமந்துகொண்டு, கால்கள் சிவக்க வந்து சேர்ந்தார். அவர்கள் எங்களை அடித்து நொறுக்கினார்கள். வீட்டுக்குப் போகக் காரில் ஏறியதும் நான் மட்டையைப் பின்சீற்றில் எறிந்தேன்.

"வராத ஆக்களை வெண்டு என்ன காணப்போறம்?" என்றார் அண்ணை.

"இரண்டாம் சுற்றைக் காணலாம்!" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிரவு ஒஸ்லோத் தம்பதியருக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர்கள் தங்கியதும் அங்கேதான்.

போன வருட மாரிக்குளிரில் சிறுநீரகம் அண்ணையைக் கைவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "இந்த முறை ஆரோட விழும்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஈஸ்டர் வருமுன்பே போய்விட்டார். அவர் முன்கூட்டியே பதிந்திருந்ததால் எங்கள் பெயர் போட்டி அட்டவணையில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒஸ்லோத் தம்பதியர். பெயரை எடுத்துவிடும்படி நான் சொல்ல, அண்ணி குறுக்கிட்டார்.

"ஏன் எடுக்கோணும்? நான் வந்து நிக்கிறன்."

"உங்களுக்கு விளையாடத் தெரியாதே, அண்ணி!"

"அவருக்கு மட்டும் தெரியுமோ?"

அண்ணி அண்ணையின் விளையாட்டுச் சட்டையை, முழங்கால் வரை தொங்கத் தொங்க, சுரிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணையின் மட்டையைத் வீடு கூட்டும் தும்புத்தடியைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். நாங்கள் ஆடுகளத்தில் நின்றோம். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. காலையில் எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுப் புறப்பட்ட ஒஸ்லோத் தம்பதியரை அரங்கில் எங்கும் காணவில்லை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். வரவில்லை. நடுவர் மணிக்கூட்டைப் பார்த்து, எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

நான் வெளியே ஓடினேன். வாகனத் தரிப்பிடத்தில், தங்கள் வாடகைக் காருக்குள் இருவரும் இருந்தார்கள். மனைவி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"என்ன தம்பி இது?" என்று கணவரைக் கேட்டேன்.

"வழி தவறிப்போச்சு, அக்கா. அக்காடியில இறங்கிட்டம்."

"கார்லயோ?"

"ஓம் அக்கா, கார்லதான்."

அந்தக் காரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அண்ணை இருந்திருந்தால் இந்த வெற்றியை ஏற்றிருக்க மாட்டார், அவர்களைக் காரோடு உள்ளே தள்ளிக்கொண்டு வந்திருப்பார்.

பிறகு ஒலிபெருக்கி கூப்பிட்டது: "இரண்டாம் சுற்று, அண்ணையும் தங்கச்சியும்!" அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. பரிஸில் இருந்து வந்த இளம் சோடி எங்களை அடித்த அடியை இங்கே விவரிக்க விரும்பவில்லை. ஆனால் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு வீசிய ஒரு பந்து எப்படியோ வலையைத் தாண்டி அந்தச் சோடியில் நின்ற தம்பியின் தோளில் விழுந்தது. அண்ணி பதறிப்போய் வலையடிக்கு ஓடினார். "சொறி தம்பி, பட்டதோ?" என்றார்.

அண்ணையைக் கடைசிவரை பிள்ளையைப்போல் பார்த்த தாதியருக்கும், துக்க நாட்களில் எங்கள் அடுப்பை மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த பார்க் எக்ஸ்டென்ஷன் அயலவருக்கும், கிரியைகளைச் செவ்வனே செய்து தந்த ஐயாவுக்கும், சந்தையில் அவரோடு பெட்டி தூக்கிய நண்பர்களுக்கும், சுற்றுப்போட்டியை நடத்தும் தம்பிமாருக்கும், இந்த ஓராண்டு நினைவு நாளுக்காக ஒஸ்லோவில் இருந்து வந்திருக்கும் இருவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அண்ணை, நீங்கள் கேட்ட இரண்டாம் சுற்றைப் பார்த்துவிட்டோம். முதல் சுற்றைப் போலத்தான் இருந்தது, நீங்கள்தான் பக்கத்தில் இல்லை. அண்ணி அடுத்த ஈஸ்டருக்கும் பெயர் கொடுத்துவிட்டார்.