நூற்றுப்பன்னிரண்டு பக்க மௌனம்

பியோன் தே-இல் என்றால் இன்று கொரியா முழுக்கத் தெரியும். வாயே திறக்காமல் நாற்பது வருடம் மேடையில் நின்றவர், பாரிஸ் வரை போய்க் கைதட்டல் வாங்கி வந்தவர். ஆனால் உங்கள் பெரிய நிகழ்ச்சி எது என்று கேட்டுப் பாருங்கள், மூன்றே பேர் பார்த்த ஒன்றைத்தான் சொல்வார். அந்த மூவரில் ஒருத்தி அவர் மனைவி ஓக்-பூன்.

1978, ஜனவரி. சியோலில் எண்பது நாற்காலி போட்ட சின்ன அரங்கு ஒன்றை தே-இல் சனிக்கிழமைக்குப் பிடித்திருந்தான். முதல் தனி நிகழ்ச்சி. முப்பத்தொரு வயதாகியும் நிலையான வேலை கிடையாது, குளிர்காலம் வந்தால் மாமனாரின் கரிக்கடையில் சுமை தூக்குவான். மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது.

"சனிக்கிழம நடத்திக் காட்டுங்க மாப்பிள. நடக்கலைன்னா இந்த ஊமைக் கூத்தை மூட்டை கட்டிட்டு, திங்கக்கிழமைலேர்ந்து முழுசா கடைக்கு வந்துருங்க."

தே-இல் தலையாட்டிவிட்டு வந்தான். ஓக்-பூனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கரிக்கடைக்கு முழுசாகப் போனவன் மேடைக்குத் திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

நடுவில் வந்து நின்றது தணிக்கை அலுவலகம். எந்த நாடகமானாலும் வசனத்தைக் கொடுத்து முத்திரை வாங்கியாக வேண்டும். பேசாத நாடகத்தின் வசனத்துக்கு எங்கே போவது? மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தான். அதிகாரி குக் புரட்டிவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"யாரும் பேச மாட்டாங்க சார்."

"பேச வேணாம். செய்யறதை ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க. எழுதாததை மேடைல செஞ்சா கேஸாயிடும்."

விரலை அசைத்தால் கேஸாம், இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? மூன்று நாள் வீட்டில் அவன் நடிக்க, ஓக்-பூன் உட்கார்ந்து எழுதினாள். வலது சுண்டுவிரலை மடக்குகிறான். மூக்கைச் சொறிகிறான்.

"ரெண்டாவது தடவ மூக்கைச் சொறிஞ்சீங்களே, அது நாடகமா, நெசமாவே அரிச்சுதா?"

"நெசமாவே அரிச்சுது."

"அப்ப அடிச்சிடறேன். சனிக்கிழம அரிச்சா பொறுத்துக்கோங்க."

நூற்றுப்பன்னிரண்டு பக்கம் ஆனது. வெள்ளிக்கிழமை காலை இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குக் பொறுமையாகப் படித்துக்கொண்டே வந்து எழுபதாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒருத்தன் சிரிக்கறான்னு போட்டிருக்கு. யாரைப் பாத்துச் சிரிக்கறான்?"

ஓக்-பூன் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அரசாங்கத்தைப் பார்த்து என்று மனிதர் முடிவு கட்டிவிட்டால் நிகழ்ச்சியும் போச்சு, ஆளும் உள்ளே.

"சொல்லத் தெரியல சார்," என்றான் தே-இல். "செஞ்சு காட்டட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் முதுகில் கரி சுமக்கும் மரச்சட்டத்தை மாட்டினான். உண்மையில் சட்டமும் இல்லை, கரியும் இல்லை. அடுப்புக்கரி உருளைகளை அதில் அடுக்கிக்கொண்டு மேட்டுத் தெருவின் படிகளில் ஏறினான். ஐந்து குளிர்காலம் மாமனாருக்காகச் சுமந்த சுமையல்லவா, முழங்கால் தானாக நடுங்கியது. மேல்படியில் உறைபனி வழுக்கிவிட்டது. உருளைகள் சரிந்து ஒவ்வொன்றாகக் கீழே உருண்டன, அவன் கண்ணும் கூடவே உருண்டது. கடைசி உருளை மேசைப் பக்கம் போனபோது, அதிகாரி குக் வெடுக்கென்று இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார்.

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தே-இல் படியில் உட்கார்ந்து, காலியான சட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

குக் மெல்லக் கால்களை இறக்கினார். "தன்னைப் பாத்துத்தான் சிரிக்கறான்," என்றார் அவரே. "எங்க வீடும் மேட்டுலதான். கரி கொண்டாறவன் இப்படித்தான் வருவான்." முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் ஓக்-பூன் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பாடா, நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த அழுகை. சனிக்கிழமை அறுபது நாற்காலி நிறைந்தது, அரங்குக்காரர் அடுத்த சனிக்கிழமையும் ஆடச் சொல்லிவிட்டார். மாமனார் கடைசி வரிசையில் இருந்தார், முடிந்ததும் விறுவிறுவென்று எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை இருவரும் பயந்துகொண்டே கரிக்கடைக்குப் போனார்கள். கிழவர் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். சுமை தூக்க ஆள் தேவை என்று அதில் எழுதியிருந்தது.

"பசையைப் பிடிங்க மாப்பிள," என்றார். "வர்ற சனிக்கிழமையும் உங்க நாடகம் இருக்காமே, இங்க யாரு சுமக்கறது?"