மாமியார் என்றொரு கட்டளை

எங்கள் பார்சல் நிறுவனத்தின் கணினி அறையில், பக்கத்து நாற்காலிக்காரிக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். உட்கார்ந்தாலும் கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

அவளுக்குப் பெயர்ப் பைத்தியம். கறுப்புத் திரையில் தட்டுகிற கட்டளைகளுக்கு யார், ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று துருவுவாள். 'ஆக்' என்பது அதை எழுதிய மூன்று பேரின் முதலெழுத்துகளாம். 'மோர்', அதாவது 'அதிகம்', என்று ஏற்கெனவே ஒன்று இருந்ததால், அதைவிட அதிக வேலை செய்வதற்குக் குறும்பாக 'லெஸ்', அதாவது 'குறைவு', என்று வைத்தார்களாம். "அவங்க மட்டும் விளையாடலாமா?" என்று இவளும் தான் எழுதிய கட்டளைகளுக்கு வீட்டு ஆட்களை இழுத்தாள். கோப்புகளை நகலெடுக்கப் போய் ஆடி அசைந்து திரும்புவது சித்தப்பா. எல்லாக் கணினிகளையும் ஓயாமல் சுற்றிவந்து, கோளாறு என்றால் ஊரைக் கூட்டுவது மாமியார்.

அன்று பராமரிப்புக்காகக் கணினிகளை நிறுத்தியிருந்தோம். அது தெரியாமல் மாமியார் அலறிக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைக்கப் பம்பரம் 'மாமியார் ஆஃப்' என்று தட்டினாள். அலறல் நிற்கவில்லை. எங்கள் தொழிலில் எல்லாரும் என்றாவது செய்கிற தப்புதான். கட்டளைத் திரை என்று நினைத்து, ஓரத்தில் திறந்திருந்த குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டாள்.

"ஐயோ, அத்தை பாத்துட்டாங்க!"

பெரிய சண்டைக்குப் பிறகு மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசத் தொடங்கியதே போன வாரம்தான். அதிலும் மண் விழுந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் பிடித்தாள், குடிக்காமலே வைத்தாள். பார்த்த எனக்கே தலை சுற்றியது.

"அழிச்சிடேன்" என்றேன்.

"இப்ப அழிச்சா இன்னும் மோசம்டா."

போன் அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

"ஏம்மா, என்னை ஆஃப் பண்ணணுமா?"

"ஐயோ இல்லத்தை! அது நான் எழுதின ப்ரோக்ராம். எங்க கோளாறுன்னாலும் அதுதான் மொதல்ல கண்டுபிடிச்சுக் கத்தும். அதான்... உங்களை நெனச்சு வெச்சேன்."

இவள் நகத்தைக் கடித்துத் துப்பினாள்.

"அது கத்தினா நீங்க என்ன செய்வீங்க?"

"போட்டது போட்டபடி எல்லாரும் ஓடுவோம் அத்தை."

"அப்படியா?" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபமே இல்லை. "இங்க நான் கூப்பிட்டா டிவி சத்தத்தைத்தானே கூட்டுறீங்க."